தம்பியின் முழங்கால்

பிரேக் போன லாரி மலை இறக்கத்தில் பாய்கையில்
தம்பி எவேலியோ நேர்ந்துகொண்டான்:
பிழைத்தால் சிக்கின்கிரா கோயில் வாசலிலிருந்து
பீடம்வரை முழங்காலில் வருகிறேன், தாயே.

மணல்மேட்டில் முட்டி நின்றது லாரி.
அடுத்த வருஷமே வேறு சபையில் சேர்ந்துவிட்டான்.
படத்தை வணங்குவது பாவம் என்கிறான் இப்போது.
என்னிடம் வாங்கிய டயர்க் காசும் நிலுவை,
இதுவும் நிலுவை.
அவன் பட்ட கடன்களில் வட்டியில்லாதது இது ஒன்றுதான்.
ஆனாலும் தூக்கம் கெட்டது எனக்கு.

மக்தலேனா ஆற்றங்கரை வெக்கையில் பஸ் ஏறி
விடியலில் இறங்கினேன்.
மலையூர்க் குளிர் முதலில் பல்லைத்தான் விசாரித்தது.
வெல்லத் தண்ணீரில் பாலாடைக்கட்டி முக்கித் தந்தவள்
"யாருக்காக?" என்றாள்.
எதற்காக என்று இந்த ஊரில் கேட்பதில்லை போலும்.

கோயில் தரை ஈரம்.
துடைக்கிறவர் வாளியை நகர்த்தி
எனக்கொரு பாதை விட்டார்.
மூன்றாம் தூண்வரை தம்பியைத் திட்டிக்கொண்டே போனேன்,
அப்புறம் திட்ட மூச்சில்லை.
பக்கத்தில் சீருடையோடு ஒரு போலீஸ்காரன்,
தொப்பியை அக்குளில் இடுக்கியபடி.
முகம் பார்த்துக்கொள்ளவில்லை.
அவன் நின்றால் நின்றேன்.

மேலே அந்தப் பருத்தித் துணி.
சாயம் வெளுத்து, கோதுமை காயவைக்கக் கிடந்ததாம் ஒருகாலம்.
ஒரு காலையில் தானே நிறம் ஏறிற்றாம்.
முகங்கள் இன்னும் மங்கல்தான்.
நானும் மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருந்தேன்,
குறை யாருடையதோ.
"எவேலியோ கணக்கு" என்றேன். "வரவு வைத்துக்கொள்."
எனக்கென்று ஒன்று கேட்க
நாக்குநுனிவரை வந்தது.
கேட்டால், அதைத் தீர்க்க யார் வருவது?

சதுக்கத்து ஓரம் தாகுவாக் கடை.
காட்டுப்பனை விதையைக் கடைசலில் இழைத்துக்கொண்டே
"தந்தம் மாதிரி, ஆனால் யானை சாகவில்லை" என்றார் கிராசினியானோ,
அன்றைக்கு நூறாவது தடவையாக இருக்கலாம்.
நகத்தளவு சதுரங்கக் குதிரைகள், செபமாலை, பம்பரம்,
பின்வரிசையில் ஒரு லாரி.
"அது வேண்டாம் அம்மா, சக்கரம் சுழலாது.
மகள் பசையைக் கொட்டிவிட்டாள்.
எடுத்தால் பாதி விலை."

முழங்கால் வலியோடு சிரித்தேன்.
அதையே கொடுங்கள் என்றேன்.

சாமி படமில்லை, வெறும் பொம்மை.
டேஷ்போர்டில் ஒட்டினால் சபைக்கும் ஆட்சேபம் இராது.

திரும்பும் பேருந்தில் உள்ளங்கையில் வைத்திருந்தேன்.
இறக்கத்தின் ஒவ்வொரு வளைவிலும் ஆட்கள் சரிந்தார்கள்,
மூட்டைகள் சரிந்தன.
லாரி இருந்த இடத்திலேயே.

நாளை டயர்க் காசைக் கேட்க வேண்டும்.