முப்பத்தேழு எச்சரிக்கைகள், கோத்தகிரி

நவம்பர். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை;
மேகம் உள்ளே வரப் பார்க்கிறது.
கெர்னல் கம்பைல் ஆகும்வரை
மடிக்கணினியின் இடது மூலையில்
விரல்களைக் காயவைக்கிறேன்.
ஹீட்டர் வாங்கச் சொல்கிறார் ஓனர் பெள்ளியண்ணன்.
இதுதான் ஹீட்டர், நாற்பது நிமிடத்துக்கு என்றேன்.

முப்பத்தேழு எச்சரிக்கைகள்.
எதுவும் பிழையில்லை, எல்லாம் ஓடும்.
பதினோரு வருடமாய் ஓடிக்கொண்டிருப்பதுதான்.
நேற்றுவரை அந்த இடத்தில் ஒரு மேக்ரோ இருந்தது,
எதைப் போட்டாலும் விழுங்கும் தபால்பெட்டி மாதிரி.
நான்தான் அதைப் பிடுங்கிவிட்டு
முறையான ஒரு ஃபங்ஷன் வைத்தேன்.
அது கேட்கிறது:
நீ தருவது சுட்டியா, வெறும் எண்ணா?

இரண்டும் அதே அறுபத்துநான்கு பிட்.
நினைவகத்தின் அதே பக்கத்துக்குத்தான் போகும்.
ஆனாலும் எண்ணைக் கூட்டலாம், கழிக்கலாம்,
பன்னிரண்டு இடம் தள்ளலாம்,
அதற்கு எதுவும் உறைக்காது.
சுட்டிக்கு மட்டும்தான்
அங்கே ஒன்று இருக்கிறது என்ற பொறுப்பு.

பள்ளியில் படித்தது: அ, இ, உ.
'அவன்' என்பதில் அகரத்தைப் பிய்த்தால் பொருள் மிஞ்சாது.
'அவ்வீடு' என்பதில் பிய்த்தால் வீடு நிற்கும்.
அகச்சுட்டு, புறச்சுட்டு, இரண்டு மதிப்பெண்.
மாற்றி எழுதினேன்.

சுலபமான வழி உண்டு.
அடைப்புக்குறிக்குள் வேண்டிய வகையை எழுதி
முன்னால் ஒட்டிவிட்டால்
கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும்.
அதன் பெயர் காஸ்ட்.
தாசில்தார் அலுவலக வரிசையில் அப்பாவும்
அதே உச்சரிப்பில் ஒன்றுக்காகத்தான் நின்றார்,
மூன்று முறை,
தலைமன்னார் கப்பலில் வந்த அட்டையோடு.
அது வேறு சொல். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதல்.

முதல் ஒன்பதுக்கு ஒட்டினேன்.
பத்தாவதில் வெட்கமாயிருந்தது.
பின்னோக்கிப் போய்ப் பார்த்தால்
அந்த மாறி பிறந்த வரியிலேயே
எண் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.
அங்கே திருத்தினேன்.
கீழே ஆறு வரிகளில் ஒட்டுக்கு வேலையில்லாமல் போனது.
மற்ற மூன்றையும் அப்படியே தேடி அழித்தேன்.

இருபத்திரண்டாவதில் போன். கூரியர் பையன்.
அக்கா, நாலு பை நூத்திப்பதினேழு எது?
பழைய நம்பரா, புது நம்பரா?
இங்க மூணு இருக்கு, மூணும் பூட்டியிருக்கு,
முன்னால மாடு நிக்குது.
மாடு என்றது காட்டெருமையை. குரலில் தெரிந்தது.
டார்ச்சோடு மொட்டைமாடிக்கு ஓடி
மேகத்துக்குள் ஆட்டினேன்.
தெரியுதா?
இல்லக்கா.
இப்ப?
என்னமோ மஞ்சளா...
அதேதான், அத விடாம வா.
கை மரத்துப்போக நின்றேன்.
பார்சல் எனக்கில்லை.
கீழ்வீட்டுக்கு, குக்கர் கேஸ்கட்.

முப்பத்தொன்றாவது வேறு ஜாதி.
எண் அல்ல, சுட்டிதான்;
பக்கத்தைச் சுட்டாமல்
சுட்டியையே சுட்டிக்கொண்டு நிற்கிறது.
ஒரே ஒரு குறி அதிகம்.
நினைவகம் தீர்ந்துபோகிற நாளில் மட்டும்
ஓடுகிற பாதை அது,
அதனால் இதுவரை யாரும் விழவில்லை,
அல்லது விழுந்தவர்கள்
எங்கே விழுந்தோம் என்று தெரியாமலே எழுந்து
மெஷினை அணைத்துப் போட்டிருப்பார்கள்.
இதற்கும் ஒரு காஸ்ட் ஒட்டியிருந்தால் என்று
நினைக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன்.

குறியை அழித்தபோது கரண்ட் போனது.
முந்தைய முப்பதுக்கும் குறிப்பில் ஒரே வரி எழுதியிருந்தேன்:
செயல்பாட்டில் மாற்றமில்லை.
பழக்கத்தில் இதற்கும் வந்துவிட்டது விரலில்.
எழுத்தெழுத்தாக அதை அழித்தேன்.

இன்னும் ஆறு.
பாட்டரி பதினான்கு சதவீதம்.
மறுபடி கம்பைல் கொடுத்துவிட்டு
விரல்களை இடது மூலைக்குக் கொண்டுபோனேன்.
டார்ச்சை அணைக்க மறந்திருக்கிறேன்.
மேஜையில் சாய்ந்து கிடந்து
ஒன்றுமில்லாத சுவரை
விடாமல் காட்டிக்கொண்டிருந்தது.