சாய்த்தல்

மாடியில் குடியிருக்கும் யாயேல் பென்கர்
கடற்பாசி ஆராய்ச்சிக்கென்று தானேயிலிருந்து வந்தவள்.
வெள்ளி மத்தியானமே ஓட்டம் தொடங்கிவிடும்.
பிரிட்ஜுக்குள் எரிகிற பல்பைக் கழற்றுவாள்,
மின்விசிறியைச் சுழலவிட்டு அப்படியே விட்டுவிடுவாள்.
பாம்பன் பக்கம் சூரியன் விழுமுன்
இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிக் கண்ணைப் பொத்திக்கொள்வாள்.
அதன்பிறகு, சனி இருட்டி வானத்தில் மூன்று மீன் தெரியும்வரை
அவள் வீட்டுச் சாமான் பாதிக்கு
அவள் கை கிடையாது.

பேனா, தீப்பெட்டி, சில்லறை.
வர்த்தி நின்ற பித்தளைத் தட்டும்கூட.
அணைந்து ஆறிப்போனாலும்
அந்தி நேரத்தில் எதைச் சுமந்ததோ
அதுவாகவே இருக்குமாம் தட்டு, மறுநாள் முழுக்க.

தங்கச்சிமடத்தில் இப்படி யாரும் இருந்து பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை வாடகை கேட்கப் போனேன்.
நாளைக்கு என்றாள், சிரித்தாள்.
மாதா கோயில் பின்னால் பொறுக்கிய வாதாங்கொட்டை
மடியில் இருந்தது. கொட்டினேன்.
வாசலில் கிடந்த கல்லை எடுத்து நீட்டினேன்.
கல் ஆகாது என்றாள்.
உள்ளே போய்ச் சுத்தியலோடு வந்தாள்.

ஆணி அடிக்கிற சுத்தியல் ஆகும்,
சும்மா கிடக்கிற கல் ஆகாதா?

அவள் தமிழ் பாசி மாதிரி வழுக்கும்.
மெதுவாகக் கால் ஊன்றி ஊன்றிச் சொன்னாள்:
சுத்தியலுக்கு ஒரு வேலை இருக்கு, அந்த வேலைதான் இன்னைக்கு வேண்டாம்.
கொட்டை உடைக்க எடுக்கலாம்.
கல்லை நேத்தே யாராவது
இது கொட்டைக்கு என்று நினைச்சு வச்சிருக்கணும்.
யாரும் நினைக்கல.

யாரும் நினைக்காத கல்லைப் பார்த்தேன்.
ஒரு பக்கம் உப்புப் பூத்திருந்தது.

அப்புறம்தான் கேட்டேன், எதற்கென்று சொல்லாமல்:
தலையணைமேல் காசு கிடந்தால்?

தோலை ஊதிவிட்டு நிமிர்ந்தாள்.
மறந்ததா, வச்சதா?

மறந்ததென்றால் காசைத் தொடாதே,
ஓரத்தைத் தூக்கிச் சாய், விழுந்துவிடும்,
தலையணை உனக்கு, படுத்துக்கொள்.
வேண்டுமென்றே வைத்ததென்றால்
அந்தத் தலையணையும் காசு மாதிரிதான்.

பதினான்கு மாதம் ஆகிறது.
ரெமிஜியுஸ் கொல்லம் விசைப்படகுக்குப் போன விடியலில்
அவன் பக்கத்துத் தலையணைமேல்
இரண்டு ஐந்நூறு, இரண்டு நூறு, ஒரு ரெண்டு ரூபாய்க் காசு,
பழைய டோக்கன் சீட்டுக்குள் மடித்து.
மறப்பவன்தான். சாவியை மறப்பான், குடையை,
ஒருமுறை பஸ்ஸில் மகளின் ஒற்றைச் செருப்பை.
ஆனால் நாலாக மடிக்கிற கை
மறக்கிற கையா?
முதல் மாதம் போன் மணி அடித்தது, அவ்வளவுதான்.
கடலில் விழுந்திருக்கும் என்கிறாள் நாத்தனார்,
போனைச் சொல்கிறாள்.
மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கட்ட
கிளாராவிடம் வட்டிக்கு வாங்கினேனே தவிர
அதை எடுக்கவில்லை. எடுத்தால்
பெற்றுக்கொண்டேன் என்றாகிவிடும்.
பாயில் படுத்தேன். கட்டில் கிடந்தது.

அன்று மத்தியானம் கச்சான் அடித்தது, ஜன்னல் தகரம் ஓயவில்லை.
எனக்கு ஓய்வுநாள் ஞாயிறு.
அவள் சட்டம் என்னைக் கட்டாது.
கதவைச் சாத்திவிட்டு
மறந்தது என்று சொன்னேன்.
குரல் பிசிறியது, இன்னொரு முறை சொன்னேன்.

முழங்கையால் ஓரத்தை உயர்த்தினேன்.
சீட்டு சறுக்கி விழுந்து வாயைத் திறந்தது.
காசு மட்டும் தரையில் ஒரு வட்டம் போட்டுக்
கட்டிலடிக்குள் போய்ப் படுத்தது.

வெளுத்த உறையில், மடிப்பின் அளவுக்கு,
நீலம் போகாத ஒரு சதுரம்.
அதன்மேல் கன்னத்தை வைத்தேன்.

மாடியில் சுத்தியல்,
இரண்டு தட்டு,
கொஞ்சம் பொறுத்து
இன்னொன்று.