ஒருவருக்கு எத்தனை

ராங்கெலுக்குப் பதினெட்டு. காப்பகச் சமையற்கட்டில்
அறுபது பேருக்கு உருளைக்கிழங்கு உரித்தவன்.
ஒருவருக்கு எத்தனை என்று
என்னைக் கேட்கிறான்.

மூன்று என்றேன், நிச்சயமில்லாமல்.
எங்கள் வீட்டில் அம்மாதான் வேகவைப்பாள்.

பிளெவெனில் பனி கொட்டுகிறது. நான்காம் மாடி.
புதுச் சாவியால் உள்ளிருந்து பூட்டுகிறான், திறக்கிறான்,
பூட்டுகிறான்.
யாரும் வந்து விளக்கணைக்க மாட்டார்களா?
மாட்டார்கள்.

மின்கட்டண ரசீதை இருவருமாகத் தலைகீழாய்க்கூடப் படித்துப் பார்த்தோம்.
கடைசியில் அப்பாவுக்குப் போன் போட்டேன்.
அவன் சிரித்தான். எனக்குக் காது சுட்டது.

கல்லூரிக்குத் தரவேண்டிய பயிற்சிப் படிவத்தில் ஒரு கேள்வி:
தனியாக வாழத் தெரியுமா? ஆம் / இல்லை.
யாருக்கு என்று போடவில்லை.

பேனாவைக் கீழே வைத்தேன்.
அதற்குள் அவன் பானையில்
ஆறு கிழங்குகளைப் போட்டிருந்தான்.