செலரித் தண்டு

நாயகன் முறித்த பதினேழு எலும்புகளும்
பவூட்டிச் சந்தையில் நான் வாங்கியவை.
பச்சைச் செலரி, கட்டு நான்கு ஸ்லோட்டி.
வாடினால் உடையாது, வளையும்.
விடிவதற்குள் போய்விட வேண்டும்.

குத்து விழுவது ஈரத்துணி சுற்றிய முட்டைக்கோஸில்.
கத்தி இறங்குவது பூசணிக்குள்.
மழை,
வாணலியில் பன்றிக் கொழுப்பு உருகுவது.
சாவிகள் மட்டும் நிஜச் சாவிகள்:
என் வீட்டுடையது, நிலவறையுடையது,
விவாகரத்துக்குப் பிறகும் நான் திருப்பிக் கொடுக்காத
வீட்டோல்டின் கார் சாவி.

வூஜ் நகரில் முதல் காட்சி.
குளியலறைச் சண்டைக்கு
முன்வரிசைப் பையன்கள் எழுந்து நின்று எண்ணினார்கள்:
ஒன்பது, பத்து, பதினொன்று.
எண்ண எண்ண என் கட்டைவிரல் வலித்தது.
"அசல் சிறையின் நாற்றம்" என்றது ஒரு நாளிதழ்.
"ரத்தம் அதிகம், கதை குறைவு" என்றது இன்னொன்று.
செலரியைப் பற்றி இரண்டும் மூச்சுவிடவில்லை.
எனக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

மார்ச்சில், சிறைக்குள்ளேயே திரையிட்டார்கள்.
உடற்பயிற்சிக் கூடம்,
கூடைப்பந்து வளையத்தில் கட்டிய படுக்கைவிரிப்பு,
இருநூறு பேர்.
கடைசி வரிசையில் ஒரு காவலருக்குப் பக்கத்தில் நான்.

எலும்பு முறிந்தபோது சிரித்தார்கள்.
நாயகன் குனிந்து ஷூ லேசைக் கட்டியபோது
கூரை பெயரும்படி சிரித்தார்கள்.
"லேஸ் யாருடா கொடுத்தது உனக்கு?"
காவலரும் சிரித்துவிட்டார்.
மதிலேறிக் குதித்து அவன் ஓடுகையில்
பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள்.

ஒரு காட்சி உண்டு,
வெட்டு வெட்டு என்று தயாரிப்பாளர் மூன்று முறை நச்சரித்தது.
இரண்டு சண்டைகளுக்கு நடுவே
ஒருவன் அலுமினியக் குவளையில் தேநீர் கலக்குகிறான்.
நாற்பது நொடி. வேறொன்றும் நடப்பதில்லை.
நகரத்தில் அப்போதுதான் பாப்கார்னுக்கு எழுந்து போனார்கள்.
இங்கே
இருமலைக்கூட விழுங்கிக்கொண்டார்கள்.
கரண்டி சுற்றுகிறது, சுற்றுகிறது.

கேள்வி நேரத்தில்
லூத்வீக் என்று பெயர் சொன்ன பொக்கைவாய்க்காரர் கேட்டார்:
"அந்தச் சாவிகள் உங்களுடையவையா?"
ஆமாம் என்றேன்.
"தெரிந்தது.
திறக்கிறவர் காதுக்குக் கேட்கிற சாவி அது.
நாங்கள் கேட்பது
கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து, அம்மா."

நோட்டில் குறித்துக்கொண்டேன்.
உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார்.
"மழை?"
பன்றிக் கொழுப்பு.
"அதானே!" என்று மற்றவர்கள் பக்கம் திரும்பினார்,
"மழை பெய்த போதெல்லாம்
எனக்குப் பசித்தது."