நாற்காலிக் கணக்கு

முந்நூறு நாற்காலி கேட்டார்கள்.
போட்டேன்.
வந்தது நாற்பத்தொரு பேர்,
என்னையும் மைக்செட்காரனையும் சேர்த்து.

சாட்ஸ்வர்த்தில் மே மாதக் காற்று
கூடாரத்தை ஒரு ஓரமாக உதைத்துக்கொண்டிருந்தது.
வாசலில் ஆளுக்கொரு பட்ஜெட் புத்தகம்,
நூற்றெழுபது பக்கம், வழவழத் தாள்.
அட்டையில் ஒரு குழந்தை
குழாயடியில் கைநீட்டிச் சிரிக்கிறது.
எந்த ஊர்க் குழாயோ.
எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமை போன தண்ணீர்
அன்றுவரை திரும்பவில்லை.

நான் நேரே பாலத்தைத் தேடினேன்.
வெள்ளம் கொண்டுபோன சின்னப் பாலம்,
கிளினிக்குக்கும் எங்களுக்கும் நடுவே
ஒன்பது எட்டு நீளம்.
தொண்ணூற்றாறாம் பக்கத்தில் இருந்தது.
போன வருஷப் புத்தகத்திலும் இருந்தது,
அதற்கு முந்தியதிலும்.
தாளில் மூன்று முறை கட்டிவிட்டார்கள்.
ஓடைக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை.

இரண்டு வரி கீழே,
‘மக்கள் கருத்தறிதல்: கூடாரம், நாற்காலி, உணவு.’
தொகையைப் பார்த்தேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
பாலத்தைவிட அதிகம் என்று சொல்லமாட்டேன்,
பாதிக்கு மேல் வரும்.
அதற்குள் எங்கோ
என் பில்லும் உட்கார்ந்திருந்தது.

முதலில் எழுந்தவர் கிஸ்டன், பழைய பஸ் டிரைவர்.
“தலைவர்களுக்கு முன்னும் பின்னும் காவல் கார்.
எங்களுக்கு ஒரு பலகை கிடையாதா?”
கவுன்சிலர் அம்மா குறித்துக்கொண்டார்.
நர்ஸ் தந்தெகா ஸூலுவில் சொன்னதை
யாரும் மொழிபெயர்க்கவில்லை.
சீருடையை முழங்காலில் பிடித்துக் காட்டினாள்,
சேறு அதுவரை ஏறிக் காய்ந்திருந்தது.
அதையும் குறித்துக்கொண்டார்.
“அந்தப் பேனாவும் நம்ம காசுதான்” என்றான்
பின்னாலிருந்து ஒருவன்.
சிரித்தோம். குளிருக்கு இதமாக இருந்தது.

எனக்கும் ஒரு கேள்வி இருந்தது.
கை பாதி தூக்கிவிட்டேன்.
அந்நேரம் பார்த்து கணக்குப் பிரிவுப் பையன்
காதோரம் குனிந்து,
“அங்கிள், உங்க செக் வெள்ளிக்கிழமை ரெடி” என்றான்.

இந்த ஊரில் என் வண்டிக்குப் பேர் பக்கி.
கவுன்சில் எனக்கு வைத்திருப்பதற்குப் பேர் பாக்கி.
இரண்டுக்கும் ஒரு கால்தான் வித்தியாசம்.
அந்தக் காலை இழுத்துக்கொண்டு
பதினாலு மாதம் படியேறியிருக்கிறேன்.

தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.
பிறகு பிரியாணி வந்தது.
நன்றாகவே இருந்தது, அதுதான் வருத்தம்.

அடுக்கும்போது எண்ணினேன்,
இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.
மருமகன் எண்ணினான், அதே ஐந்து குறைந்தது.
காசு வாங்காமல் வந்து
கருத்தும் சொல்லிவிட்டு
நாற்காலியையும் தூக்கிப் போகிற ஜனம் என்று
வீடுவரை திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

திங்கட்கிழமை பிரஷர் மாத்திரைக்குக்
கிளினிக் போகவேண்டியிருந்தது.
இரண்டு ஹடீடா கரையில் கத்திக்கொண்டிருந்தன.
தண்ணீரில் வரிசையாக,
காலில் மணல் மூட்டை கட்டி,
முதுகு அறுபட்டு,
என் ஐந்து நாற்காலிகள்.
என் பேர் அடித்த முதுகுகளை மட்டும்
யாரோ ஒழுங்காகப் புல்லில் அடுக்கியிருந்தார்கள்,
வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்பதுபோல.

ஒரு பள்ளிக்கூடப் பெண் பையை மாரில் அணைத்து
எட்டு எட்டாகக் கடந்தாள்.
எதிரே தந்தெகா வந்தாள், ஷூ நனையாமல்.
“சனிபோனா, பாபா” என்றாள்.
நாற்காலிக்காரன் என்று தெரிந்து சொன்னாளா,
தெரியாமலா, தெரியவில்லை.
நானும் ஏறினேன்.
மூன்றாவது கொஞ்சம் ஆடியது,
தாங்கியது.

ராத்திரி பேரேட்டைத் திறந்து
‘நாற்காலி, ஐந்து’ என்று எழுதி நிறுத்தினேன்.
நட்டம் என்று போட மனம் வரவில்லை.
கவுன்சிலுக்கு அனுப்பலாம் என்றால்
எதன் கீழ்?
கருத்தறிதலா, பாலமா?

இடம் காலியாகவே இருக்கிறது.
நாளைக்கு முதல் வேலை,
அந்த மூன்றாவதற்கு
இன்னொரு மூட்டை மணல்.