முப்பத்தெட்டு டிகிரி

நீச்சல்குளத்து விதிப்பலகையில் நான்கு வரிகள்.
சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்கவும்.
ஓடக் கூடாது. கண்ணாடிப் புட்டி கூடாது.
குழந்தைகளைத் தனியே விடக் கூடாது.
ஐந்தாவது என்னுடையது, பலகையில் இல்லை:
ஆறு மணிக்கு மேல் என்னிடம்
மலையைப் பற்றிக் கேட்கக் கூடாது.

பகலெல்லாம் அதோடுதான் இருக்கிறேன்.
ஆளுயரக் குழி வெட்டி
பனியின் அடுக்குகளை விரலால் தடவி
மண்வெட்டியைப் பனித்தூணின் மேல் வைத்து
மணிக்கட்டை அசைத்துப் பத்துத் தட்டல்,
முழங்கையிலிருந்து பத்து,
தோளிலிருந்து பத்து.
எத்தனையாவது தட்டலில் வழுக்குகிறதோ
அந்த எண்ணை ரேய்க்யவிக்குக்குச் சொல்வேன்.
அதற்குச் சம்பளம்.
வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்து
தலைமுடி உறைந்து குச்சி குச்சியாய் நிற்கச்
சும்மா கிடப்பதற்கு ஒருவரும் எதுவும் தருவதில்லை.
அதனாலேயே அந்த நேரம்
என்னுடையது என்றிருந்தேன்.

மற்றவர்களுக்கு இந்தக் கூச்சம் கிடையாது.
ஆர்ன்கிரிமுர் மீன் ஆலையை
அப்படியே தொட்டிக்குள் இறக்குவான்:
ஈரலில் புழு, புதுக் கத்தி, வராத லாரி.
பெர்க்தோரா தன் ஏழாம் வகுப்பை
ஒவ்வொருவராக எழுப்பி நிறுத்துவாள்.
குழாய் வேலை பார்க்கும் போலந்துக்காரர் ரதோஸ்வாவ் மட்டும்
என் கட்சி.
"எங்க வீட்டுக் குழாய்" என்று யாராவது தொடங்கினால்
மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கிவிடுவார்.
நாங்கள் பேசுவது காபி விலை,
அவர் மகளின் வயலின்,
நாய்களுக்குக் கனவு வருமா.

ஆனால் கேள்வி வேஷம் மாற்றிக்கொண்டு வரும்.
"நாளைக்கு உன் கார் எங்கே நிற்கும்?"
"பையன் பாட்டு வகுப்புக்குப் போகிறானா?"
"ரொட்டி ரெண்டு வாங்கினாயாமே."
சிரித்து மழுப்புவேன்.
சிரிப்பு எத்தனை நீளம் என்று அளந்துகொள்வார்கள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
வடகிழக்குக் காற்று, பெரிதாக ஒன்றுமில்லை.
ஓத்தாரோடு சண்டை.
பாத்திரம் கழுவும் இயந்திரத்தில்
கத்தியை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று தொடங்கி
அவன் அம்மாவில் போய் முடிந்தது.
முகம் வீங்க அழுதேன். குளத்துக்குப் போகவில்லை.
போர்வைக்குள் சுருண்டு
யாரோ கேக் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்குத் திரையை விலக்கினால்
மேல் தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைகின்றன.
பெர்க்தோரா பூனைக்கூடையைக் காரில் ஏற்றுகிறாள்.
ஆர்ன்கிரிமுர் தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில்
துறைமுகப் பக்கம் தங்கை வீட்டுக்குத் தள்ளிப்போகிறான்.
பதினோரு வீடுகள்.
ஆபத்தென்றால் எல்லாப் போனும் அலறும்.
ஒன்றும் அலறவில்லை.
ஒருவரும் என்னைக் கேட்கவும் இல்லை.
கேட்கக் கூடாது என்றுதானே சொல்லியிருந்தேன்.

கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.
"சண்டை! வீட்டில் வெறும் சண்டை!" என்று
தெரு நடுவே நின்று கத்தினேன்.
பெர்க்தோரா என் வீங்கிய கண்ணைப் பார்த்தாள்,
மலையைப் பார்த்தாள்,
கூடைக்குள் பூனையைப் பார்த்தாள்.
"எதற்கும் இன்றைக்கு அங்கேயே படுத்துக்கொள்கிறோம்."

அன்றிரவு எதுவும் இறங்கவில்லை.
காலையில் குழி வெட்டினேன். இருபத்திரண்டாவது தட்டல்.
சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிட்டு
ஆறு மணிக்கு, இருமிக்கொண்டே,
தொட்டிக்குள் போய் உட்கார்ந்தேன்.
எல்லாரும் என்னைப் பார்த்த மாதிரியும் இருந்தது
பார்க்காத மாதிரியும் இருந்தது.
ரதோஸ்வாவ் காதோரம் சொன்னார்:
"இதற்கு ஓவர்டைம் கேளுங்கள்."

அன்றிலிருந்து ஒருநாளும் தவறவில்லை.
ஜுரம் என்றாலும் போகிறேன்.
இது ஓய்வா வேலையா என்று
என்னையே கேட்டுப் பார்த்தாயிற்று,
நானும் மழுப்புகிறேன்.

சுவரில் மாட்டிய மானியில் தண்ணீர் முப்பத்தெட்டு டிகிரி.
மேல் தெருவுக்குப் பின்னால் அந்தச் சரிவும்
சரியாக அத்தனைதான், நானே அளந்தேன்.
வேடிக்கையான பொருத்தம்.
யாரிடமாவது சொன்னால் நன்றாக இருக்கும்.
நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு
ஆர்ன்கிரிமுரின் பக்கம் திரும்புகிறேன்:
"அந்தப் புதுக் கத்தி எப்படி இருக்கிறது?"
அவன் முகம் மலர்கிறது.
இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் கவலையில்லை.