ஆறு மணி நேரம் முன்னால்

எண்பத்தொன்பது யூரோ.
பாதி தண்ணீர், பாதி காற்றாய் ஊதிய பையில்
ஒரு விரல் நீளம்.
வெள்ளையில் கறுப்புச் சிதறல்
வால் ஓரம் கொஞ்சம் ஆரஞ்சு
வயிறு மட்டும் உள்ளே ஒட்டிக் கிடந்தது.
'சிறுத்தை ராஸ், செபு' என்று ரசீதில் எழுதிய ராய்மோ
"சாப்பிடாது" என்றார்,
நாய் விற்பவர் "கடிக்காது" என்பதுபோல.
கதவு வரை வந்து இன்னொன்றும் சொன்னார்:
"மணலுக்குள் போனால் தோண்டாதே."

போனது.
பையைத் திறந்த மறு நொடி
தலை, புள்ளி, வால்.
மணல் மூடிக்கொண்டு
எனக்கொன்றும் தெரியாது என்று கிடந்தது.

ஊலு நகரில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
இரவு பத்துக்கு ஏறி நாலுக்கு இறங்குவேன்.
டூரெ விழித்துவிடக் கூடாதென்று
விளக்குப் போடாமலே படுக்கைக்குப் போவேன்.
எட்டு நாள்.
பகலில் தொட்டியின் முன் மண்டியிட்டு
மணலைப் பார்த்தேன்.
தோண்டவில்லை. கரண்டியைக் கையில் எடுத்ததுண்டு.

ஒன்பதாம் இரவு எண்ணெய்க் குழாய் வெடித்து
கத்தி பாதிச் சாலையில் நின்றுபோக
ஒன்றரைக்கே வீட்டில்.
பாலுக்காகக் குளிர்பெட்டியைத் திறந்தேன்.
வெளிச்சம் ஒரு பட்டையாய் விழுந்த இடத்தில்
அது நின்றிருந்தது.
பாறையை ஒரு கண்ணால் தேடிக்கொண்டு
மறு கண்ணால் என்னைப் பார்த்தது.
செபுவில் அப்போது காலை ஏழரை.

இத்தனை நாளும் அது ஒளியவில்லை.
நாங்கள்தான் நேரம் தப்பி
அதன் நடு இரவில் போய்க் கதவைத் தட்டியிருக்கிறோம்.

நள்ளிரவில் சூரியன் வரும்படி
தொட்டி விளக்கைத் திருப்பி வைத்தேன்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
தெரு முழுக்க இருட்டு, எங்கள் ஜன்னல் மட்டும் நீலம்.
"என்ன செடி வளர்க்கிறீர்கள்?" என்று
லிஃப்டில் குரலைத் தாழ்த்திக் கேட்டாள் கீழ்வீட்டு ஹெல்வி.

விழித்தது சரி, வாய் திறக்கவில்லை.
உறைந்த இறால்: பார்த்தது.
பூண்டுச் சாற்றில் ஊறிய இறால்: பார்க்கவும் இல்லை.
சோடா பாட்டிலைக் கவிழ்த்து நான் பொரித்த
உயிருள்ள இறால் குஞ்சுகள், தூசி போல:
ஒன்றை வாங்கி, யோசித்து, துப்பியது.
நாள் முழுக்கப் பாறையைக் கொத்திக்கொண்டே
என்ன தின்றதோ, என் கண்ணுக்கு அகப்படாத ஏதோ.
பாறையிலும் அது தீர்ந்துகொண்டு வந்தது.
முதுகு மேலிருந்து பார்க்கக் கத்தி போல் ஆனது.
"எனக்கு அவித்த உருளைக்கிழங்கு,
அதற்கு விருந்துப் பட்டியல்" என்றான் டூரெ.
கோபமில்லை. கொஞ்சம் இருந்தது.

ஜனவரி முதல் ஞாயிறு அவன் பிளினி சுட்டான்.
வெங்காயம், புளித்த பாலேடு,
கண்ணாடிக் கிண்ணத்தில் முய்க்கு மீனின் சினை.
வருஷத்துக்கு ஒருமுறை வாங்குவது.
கத்தி நுனியில் துளி எடுத்து
தேநீர் வடிகட்டியில் உப்புப் போக மூன்று முறை அலசி
சொட்டுக்குழாயில் இறக்கினேன்.
ஆரஞ்சு மணிகள் மெதுவாக விழுந்தன.
ஒரு கண் திரும்பியது.
மறு கண்ணும் திரும்பியது.

துப்பவில்லை.
தொண்டைக்குள்தான் அதற்கு அரைக்கும் பல்.
செவுள் இரண்டு முறை அசைந்தது.
இன்னொன்று. பிறகு நாலு.
ஏரி மீனின் முட்டை, கடலே பார்க்காதது.

"கிலோ என்ன விலை தெரியுமா?" என்ற டூரெ
கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு
வெறும் பாலேட்டோடு தன் பிளினியை மடித்தான்.

தினம் அரை மணி விளக்கைத் தள்ளிப் போட்டால்
இரண்டு வாரத்துக்குள் நம் நேரத்துக்கு வந்துவிடும்
என்கிறார் ராய்மோ.
செய்யவேண்டும். இன்னும் செய்யவில்லை.
நண்பகலில், இங்கே சூரியன்
பல்பொருள் அங்காடிக் கூரையைத் தாண்டி
மேலேற முடியாமல் நிற்கும்போது
அது படுக்கப் போகிறது, நான் எழுகிறேன்.
வயிற்றுப் பள்ளம் போகவில்லை.
ஒரு நூல் அளவு மேடு, அவ்வளவுதான்,
அதுவும் என் ஆசையோ என்னவோ.

இரவு பன்னிரண்டுக்கு
விமான நிலையச் சாலையில் வண்டியை ஓரங்கட்டி
கத்தியைத் தூக்கி ஒட்டிய பனியை உதறுகிறேன்.
எங்கள் வரவேற்பறையில் விளக்கு எரிந்திருக்கும்.
இப்போது அது
மணலை உதறிக்கொண்டு எழுந்திருக்கும்.